ஓபோல் கணக்கில் ஒரு நகரம்: ஏதென்ஸ் பயணக் குறிப்புகள்

புதன், நாணய அருங்காட்சியகம்

ஏதென்ஸில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக அக்ரோபோலிஸ் குன்றில் ஏறிவிடுகிறார்கள். அந்தக் குன்றின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எவ்வளவு கூலி வாங்கினார்கள், வீட்டுக்குள் யார் எங்கே படுத்தார்கள் என்பதைத் தேடிப் பார்ப்பதற்காகவே நான் வந்திருப்பதால், பயணத்தைப் பனெபிஸ்திமியூ தெருவிலுள்ள நாணய அருங்காட்சியகத்தில் தொடங்கினேன். திராய் நகரை அகழ்ந்த ஹைன்ரிக் ஷ்லீமானுக்காக எர்ன்ஸ்ட் சில்லர் 1878 முதல் 1880 வரை கட்டிய மாளிகை அது. விதான ஓவியங்களும் மொசைக் தரையும் நாணயங்களைவிட அதிகமாகக் கண்ணை இழுக்கின்றன என்பது அருங்காட்சியகத்துக்கு ஒரு சங்கடம்தான்.

நான் தேடிப் போனது ஓபோல் என்னும் சில்லறைக் காசு. 6 ஓபோல் ஒரு திராக்மா, 100 திராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. படங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் ஆந்தை பொறித்த பெரிய வெள்ளி நாணயம் 4 திராக்மா மதிப்புள்ளது. அதைச் சாதாரண மனிதன் தினமும் கையாண்டிருக்க மாட்டான். ஓபோலோ முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைந்த எடையுள்ள வெள்ளித் துணுக்கு. சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லாத அந்தத் துணுக்கிலும் ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் ஆந்தை. பூதக்கண்ணாடி இல்லாமல் ஆந்தையின் கண்களைக் காண முடியவில்லை.

ஏதென்ஸ்காரர்களின் ஆடையில் பை கிடையாது. ஆகவே சந்தைக்குப் போகிறவர்கள் சில்லறையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போனார்கள். கி.மு. 422இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் ‘குளவிகள்’ நாடகத்தில், நீதிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்து 3 ஓபோல் சம்பாதித்து வீடு திரும்பும் கிழவனை அவனுடைய மகள் எதிர்கொண்டு, கால் கழுவி, எண்ணெய் தடவி, “அப்பா, அப்பா” என்று கொஞ்சியபடி முத்தமிட்டு, அவன் வாயிலிருந்த காசை நாவாலேயே எடுத்துவிடுகிறாள். நகைச்சுவைக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்த 3 ஓபோலுக்கு வீட்டில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. இனிவரும் நாள்களில் பார்க்கப்போகும் இடங்களையெல்லாம் இந்தக் காசின் கணக்கிலேயே பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

வியாழன், அகோரா

மொனாஸ்திராகி நிலையத்தில் இறங்கி ஏட்ரியன் தெருவில் சிறிது தூரம் நடந்தால் பழைய நகரத்தின் சந்தையும் நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் ஒருசேர இருந்த அகோராவின் வாயில் வருகிறது. அகோராவின் வடக்கு ஓரத்தைக் குடைந்துகொண்டு பிரேயஸ் துறைமுகத்துக்குப் போகும் ரயில் ஓடுகிறது. ஆலிவ் மரங்களுக்கு நடுவே நின்று, ஏதென்ஸ் மக்களாட்சிக்கு அடிகோலிய கிளிஸ்தீனிஸின் சீர்திருத்தங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஒரு வண்டி தடதடத்துப் போய்விடும்.

கிழக்கு ஓரத்தில் இருக்கும் நீண்ட தூண் மண்டபம், பெர்கமோன் மன்னர் இரண்டாம் அட்டாலஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குக் கட்டிக்கொடுத்தது. அமெரிக்கத் தொல்லியலாளர்கள் 1953க்கும் 1956க்கும் இடையில் அதை முழுமையாக மீட்டுக் கட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். இந்த மண்டபத்தில் நான் அதிக நேரம் நின்றது பிளவுகள் நிறைந்த ஒரு பளிங்குப் பலகையின் முன்னால்தான். குலுக்கலுக்கான இந்தக் கருவியை கிளெரோதேரியோன் என்பார்கள். 30 வயது கடந்த 6,000 குடிமக்கள் ஒவ்வோர் ஆண்டும் நடுவர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். வழக்கு நாளன்று விடியற்காலையில் வந்து சேர்ந்தவர்களின் பெயர்த் தகடுகளை இந்தப் பிளவுகளில் வரிசையாகச் செருகுவார்கள். பலகையின் பக்கவாட்டில் ஒரு குழாய் இருக்கும். அதில் கறுப்பு உருண்டைகளையும் வெள்ளை உருண்டைகளையும் கலந்து கொட்டி, அடியில் ஒவ்வொன்றாக விழச் செய்வார்கள். வெள்ளை விழுந்தால் அந்தக் கிடைவரிசையிலுள்ள அனைவரும் அன்று நடுவர்கள். கறுப்பு விழுந்தால் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம். எந்த வழக்கை யார் விசாரிப்பார் என்பது அன்று காலை வரை எவருக்கும் தெரியாது. 201 பேரோ 501 பேரோ கொண்ட மன்றத்துக்கு லஞ்சம் கொடுக்க நினைப்பவன் யாரிடம் போவான்?

பக்கத்துக் கூண்டில் தண்ணீர்க் கடிகாரம். மேல் பானையில் ஊற்றிய நீர் கீழ்ப் பானைக்கு வடிந்து முடியச் சுமார் 6 நிமிடங்கள் ஆகும்; அதற்குள் வாதத்தை முடிக்க வேண்டும். வாக்களிக்க ஒவ்வொரு நடுவருக்கும் இரண்டு வெண்கல வட்டுகள் கொடுக்கப்பட்டன. ஒன்றின் நடு அச்சு துளையுள்ளது, அது தண்டனைக்கு. மற்றதன் அச்சு கெட்டியானது, அது விடுதலைக்கு. அச்சின் இரு நுனிகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூடிப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டால், எது எந்த வட்டு என்று அடுத்தவருக்குத் தெரியாது. இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு யோசனை.

நடுவருக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கத்தை நகரத்தின் தலைவர் பெரிக்கிளீஸ் தொடங்கினார். முதலில் 2 ஓபோல், பிறகு கிளியோன் என்னும் தலைவரின் காலத்தில் 3. அதே நூற்றாண்டின் இறுதியில் ஒரு கல்தச்சனின் நாள்கூலி 6 ஓபோல். ஆக, உடலில் வலுவும் கையில் தொழிலும் உள்ளவன் நடுவர் வேலைக்கு வந்தால் பாதி வருமானத்தை இழப்பான். அரிஸ்டோபனீஸின் நடுவர்கள் எல்லாரும் கிழவர்களாக இருப்பதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

அதே மண்டபத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த குழந்தைகளுக்கான மண் நாற்காலி ஒன்று இருக்கிறது. குழந்தையை மேலே உட்கார வைத்து, கால்களை முன்பக்கத் துளை வழியாக வெளியே விட்டு, கழிவைக் கீழேயுள்ள பானையில் பிடிப்பார்கள். இக்காலக் குழந்தை ஒன்றை அதில் உட்கார வைத்து எடுத்த புகைப்படமும் அருகில் உண்டு. அந்தக் குழந்தையின் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி தெரியவில்லை.

பிற்பகலில் தென்மேற்கு மூலைக்குப் போனேன். ‘நான் அகோராவின் எல்லை’ என்று தானே பேசும் எல்லைக்கல் இன்னும் தன் இடத்திலேயே நிற்கிறது. அதை ஒட்டியே ஒரு செருப்புத் தைப்பவரின் வீடு. தரையில் ஆணிகளும் எலும்பு வளையங்களும் சிதறிக் கிடந்தன, சிமோன் என்று பெயர் கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தது. அரேயோபகஸ் குன்றை நோக்கிப் போகும் சந்தில் கல் கடைக்கால்கள் மட்டும் எஞ்சியுள்ளன. மேலே இருந்தவை பச்சைச் செங்கல் சுவர்கள். கதவை உடைப்பதைவிடச் சுவரில் கன்னம் வைப்பது எளிது என்பதால் ஏதென்ஸ் திருடர்கள் அதையே செய்தார்கள். ஜன்னல்கள் தெருவைப் பார்க்காமல், கிணறுள்ள முற்றத்தைச் சுற்றியே வாழ்க்கை நடந்தது.

அப்படிப்பட்ட ஒரு சிறிய மாடி வீட்டுக்குள் நாம் நுழைய முடிவது ஒரு கொலை வழக்கின் தயவால். லிசியாஸ் எழுதிக்கொடுத்த வாதத்தில் யூஃபிலெட்டோஸ் என்பவர் தம் வீட்டை விவரிக்கிறார்: பெண்கள் மாடியிலும் ஆண்கள் கீழேயும் இருப்பது வழக்கம், குழந்தை பிறந்த பின், அதைக் கழுவுவதற்காக மனைவி ஒவ்வொரு முறையும் ஏணிப்படியில் இறங்கி ஆபத்துக்கு உள்ளாக வேண்டாமென்று தாம் மாடிக்குப் போய், பெண்களைக் கீழே விட்டார். ஒரு நாள் இரவில் கதவு கிறீச்சிட்டது ஏன் என்று கேட்டபோது, குழந்தையின் அருகிலிருந்த விளக்கு அணைந்துவிட்டதால் பக்கத்து வீட்டில் ஏற்றி வந்ததாக மனைவி பதில் சொன்னாள். கள்ளக் காதலனைக் கொன்ற கணவரின் தற்காப்பு அது. சட்டத்துக்காக அதைப் படிப்பவர்கள் படிக்கட்டும். அணைந்த விளக்கை அண்டை வீட்டில் ஏற்றி வருவது யாரும் சந்தேகப்படாத அன்றாட வழக்கம் என்பதற்காகவே அதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

மாலையில் ப்னிக்ஸ் குன்று. மக்கள் சபை கூடிய அந்தச் சரிவில் இப்போது புல்லும் பாறையில் வெட்டிய பேச்சு மேடையும்தான் உள்ளன. சில முடிவுகளுக்கு 6,000 பேர் தேவைப்பட்டனர். சந்தையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து மேலே ஓட்டி வந்தார்கள். ஆடையில் சாயம் பட்டவன் மாட்டிக்கொண்டான். பிறகு கயிற்றைவிடக் காசு பயனளிக்கும் என்று கண்டு, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகைக்கு ஓர் ஓபோல் கொடுத்து, விரைவிலேயே அதை 3 ஆக்கினார்கள்; அரிஸ்டாட்டில் காலத்தில் முக்கியக் கூட்டத்துக்கு 9 ஓபோல் வரை ஏறியது. ஆனால் கி.மு. 451இன் சட்டப்படி தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருக்கும் ஆண் மட்டுமே இங்கே ஏறி வர முடியும். நகரத்தில் குடியேறித் தொழில் செய்த வெளியூர்க்காரர்களாகிய மெட்டிக்குகள் ஆண்டுக்கு 12 திராக்மா, அதாவது 72 ஓபோல், தலைவரி கட்டியும் சபையில் அவர்களுக்கு இடமில்லை. பெண்களைப் பற்றியும் அடிமைகளைப் பற்றியும் அந்தக் கேள்வியே எழவில்லை.

வெள்ளி, கெரமெய்கோஸும் தேசிய அருங்காட்சியகமும்

குயவர்களின் பேட்டையாகவும் இடுகாடாகவும் இருந்த கெரமெய்கோஸில் காலையில் கூட்டமே இல்லை. ஆமைகள் மட்டும் கல்லறைகளுக்கிடையே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. இறந்தவரின் வாயில் ஓர் ஓபோல் வைத்துப் புதைப்பது வழக்கம். பாதாள ஆற்றைக் கடக்கப் படகோட்டி காரோனுக்குக் கொடுக்க வேண்டிய கூலி அது. எல்லாருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1994, 95ஆம் ஆண்டுகளில் மெட்ரோ நிலையத்துக்காக இப்பகுதியைத் தோண்டியபோது, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொனீசியப் போரின் தொடக்கத்தில் கொள்ளைநோயில் இறந்தவர்களுடையது என்று கருதப்படும் குழி ஒன்று வெளிப்பட்டது. குறைந்தது 150 உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப்போக ஒழுங்கு குலைந்து கிடந்தன. அவர்களில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டிலிருந்து அவளுடைய முகத்தை மீட்டுருவாக்கி, மிர்டிஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

வாயிலை ஒட்டிய சிறிய அருங்காட்சியகத்தில் அம்ஃபரெட்டியின் கல்லறைக் கல் இருக்கிறது. வயது தெரியாத வழுவழுப்பான முகத்தோடு ஒரு பெண் அமர்ந்து, ஒரு கையில் பறவையைக் காட்டியபடி மறு கையில் குழந்தையை அணைத்திருக்கிறாள். தாய் என்று நினைத்துக்கொண்டு பார்ப்போம். மேலேயுள்ள வரிகளோ, என் மகளின் இந்தப் பிள்ளையை, நாங்கள் இருவரும் உயிரோடு வெயிலைக் கண்ட நாளில் மடியில் வைத்திருந்தேன், இறந்த பின்னும் வைத்திருக்கிறேன் என்ற பொருளில் பேசுகின்றன. பாட்டியும் பேரக்குழந்தையும். சிற்பி அவளுடைய முகத்தில் ஒரு சுருக்கம்கூடச் செதுக்கவில்லை.

பிற்பகலில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், இதே இடுகாட்டிலிருந்து போன, ஹெகெசோ என்னும் பெண்ணின் கல்லறைக் கல்லைப் பார்த்தேன். பிரொக்செனோஸின் மகள் ஹெகெசோ நாற்காலியில் அமர்ந்து, பணிப்பெண் நீட்டும் பேழையிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள். நகை வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்ததால் இன்று அது அழிந்து, விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்திருக்கின்றன. பணிப்பெண்ணின் நீண்ட கைகளுள்ள உடை, அவள் வெளிநாட்டிலிருந்து வந்த அடிமை என்பதற்கு அடையாளம். எஜமானியின் பெயர் கல்லின் உச்சியில் உள்ளது, பணிப்பெண்ணுடையது இல்லை. ஹெகெசோவின் பெயரும் இறந்த பிறகே கல்லில் ஏறியிருக்கிறது. உயிரோடிருக்கும் மதிப்புள்ள வீட்டுப் பெண்ணின் பெயரை நீதிமன்றத்தில் சொல்வதைக்கூட வழக்குரைப்போர் தவிர்த்தார்கள்.

அதே கட்டடத்தின் மறுபுறம், தோசித்சா தெருப் பக்கம், கல்வெட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அக்ரோபோலிஸ் மேலுள்ள எரெக்தேயோன் கோயிலின் கட்டுமானக் கணக்கு, கி.மு. 409 முதல் சில ஆண்டுகளுக்குரியது, கல்லில் வெட்டி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. தூணில் வரிப்பள்ளம் செதுக்கியவர்களின் பெயர்கள் குழு குழுவாக வருகின்றன. சிமியாஸ் என்னும் கல்தச்சனும் அவனுடைய அடிமைகளும் ஒரே தூணில் வேலை செய்திருக்கிறார்கள். இன்னார் என்று அடையாளம் காண முடிந்த 86 தொழிலாளர்களில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் மெட்டிக்குகள், 20 பேர் அடிமைகள். நாள்கூலி வாங்கிய அனைவருக்கும் ஒரே ஒரு திராக்மா. இந்தச் சமத்துவத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள், அடிமையின் திராக்மா யார் கைக்குப் போயிற்று என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இன்னொரு கணக்கும் கல்லில்தான் இருக்கிறது. கி.மு. 415இல் தெய்வச் சிலைகளைச் சேதப்படுத்தியதாகவும் எலியூசிஸ் ஊரின் இரகசியச் சடங்குகளைக் கேலி செய்ததாகவும் தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகளை அரசு ஏலம் விட்டது. அவர்களில் பிரேயஸில் வாழ்ந்த கெஃபிசொடோரோஸ் என்னும் மெட்டிக்கின் அடிமைகள் 16 பேர் பட்டியலில் வருகிறார்கள், எல்லாரும் பிறந்த நாட்டின் பெயரால் மட்டும்: திரேசியப் பெண் 165 திராக்மா, சிரியன் 301, சித்தியன் 144, லிடியப் பெண் 85, காரியாவைச் சேர்ந்த சிறு குழந்தை 72. அந்தக் குழந்தையின் விலை 432 ஓபோல். நேற்றுப் பார்த்த குலுக்கல் பலகையில் வெள்ளை உருண்டை விழுந்து, ஒருவர் 144 நாள்கள் நடுவராக உட்கார்ந்தால் அவ்வளவு கிடைக்கும்.

சனி, லாவ்ரியோவும் தோரிகோஸும்

நகர மையத்திலிருந்து புறநகர்ப் பேருந்தில் தென்கிழக்கே கடற்கரை வரை போனால் லாவ்ரியோ. ஓபோல் பிறந்த இடம் இது. கி.மு. 483 வாக்கில் இங்கே வளமான வெள்ளிப் படிவு கிடைத்தபோது, குடிமகனுக்கு 10 திராக்மா வீதம் பகிர்ந்துகொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. தெமிஸ்டொக்கிளீஸ் என்னும் தலைவர் அதைத் தடுத்து, பணத்தைப் போர்க்கப்பல்களுக்குத் திருப்பினார். 480இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையை வென்றவை அந்தக் கப்பல்கள்.

தோரிகோஸ் சற்று வடக்கே. அங்குள்ள அரங்கம், நாம் எதிர்பார்க்கும் அரைவட்டமாக இல்லாமல் மலைச்சரிவுக்கேற்ப நீண்டு வளைந்திருக்கிறது. கிரேக்கத்தின் மிகப் பழைய கல் அரங்குகளில் ஒன்று. அதன் அருகிலேயே ஒரு சுரங்க வாயும் கனிமம் கழுவும் களமும் உள்ளன. நாடகம் பார்த்தவர்களுக்குச் சுரங்கம் கண்ணெதிரே இருந்தது என்பதை அங்கே போய் நின்றால்தான் உணர முடிகிறது. கழுவும் களத்தின் அமைப்பு வியப்பளிக்கிறது. உடைத்து அரைத்த கனிமத்தைச் சாய்வான மேடையில் பரப்பி, தொட்டியின் சிறு துளைகளிலிருந்து நீரைப் பாய்ச்சுவார்கள். இலேசான மண் அடித்துச் செல்லப்படும், கனமான ஈயக் கனிமம் தங்கும். வழிந்த நீர் சதுரமாகச் சுற்றிவரும் வாய்க்காலில் வண்டல் படிந்து தெளிந்து மீண்டும் தொட்டிக்கே வரும். மழை குறைந்த நிலத்தில் ஒரு சொட்டும் வீணாகாத ஏற்பாடு. கழுவிய கனிமத்தை உருக்கி ஈயமாக்கி, ஈயத்தைப் புடமிட்டு வெள்ளியைப் பிரித்தார்கள். அவர்கள் கொட்டிய கசடிலேயே ஈயம் மிச்சம் இருந்ததால், 19ஆம் நூற்றாண்டில் செர்பியேரி என்னும் இத்தாலியர் அதை மீண்டும் உருக்கித் தொழில் நடத்தினார். இன்றைய ஊர் அப்படி உருவானது.

சுரங்க வழிகள் பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. தவழ்ந்தோ படுத்தோதான் வெட்ட முடியும். வெளிச்சம் ஒரு மண் அகல். தளபதி நிக்கியாஸ் தம் அடிமைகள் 1,000 பேரைச் சோசியாஸ் என்னும் திரேசியனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார் என்று ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் எழுதுகிறார். வாடகை, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல், பிடித்தம் எதுவும் இல்லாமல். ஆள் குறைந்தால் எண்ணிக்கையை ஈடு செய்வதும் சோசியாஸின் பொறுப்பு. 360 நாளுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 10 தாலந்து. நிக்கியாஸ் பக்தியும் பெருந்தன்மையும் உள்ளவர் என்று பெயர் பெற்றவர், விழாக்களுக்கு வாரி வழங்கியவர். எண்ணிக்கையை ஈடு செய்ய வேண்டும் என்ற ஒரு நிபந்தனையே சுரங்கத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறது. பெலோபொனீசியப் போரின் பிற்பகுதியில் ஸ்பார்ட்டா படைகள் ஏதென்ஸுக்கு வடக்கே டெக்கெலேயாவில் முகாமிட்டபோது 20,000க்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸிலிருந்து தப்பி ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறிப்பிடுகிறார்.

ஞாயிறு, ப்ராவ்ரோன்

மார்கோபூலோ வரை பேருந்து, அங்கிருந்து டாக்சி. நாணலும் சேறும் நிறைந்த ஆற்றோரத்தில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் கோயில் வளாகம். 5 முதல் 10 வயது வரையிலான ஏதென்ஸ் சிறுமிகள் இங்கே வந்து, ‘கரடிகள்’ என்ற பெயரில், குங்குமப்பூ நிற ஆடையுடன் தெய்வத்துக்குப் பணி செய்தார்கள். சிறு மண் கிண்ணங்களில் அவர்கள் ஓடுவதும் ஆடுவதும் தீட்டப்பட்டுள்ளன. அருங்காட்சியகத்தில் நிற்கும் பளிங்குச் சிறுமிகளுக்குக் கொழுத்த கன்னங்கள். ஒருத்தி மடியில் முயலை ஏந்தியிருக்கிறாள். வாழ்க்கையில் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து, சம வயதுப் பெண்களோடு இருக்கும் வாய்ப்பு பலருக்கு இது ஒன்றுதான். செனபோன் வரையும் முன்மாதிரி மனைவி கணவன் வீட்டுக்கு வரும்போது அவளுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை.

அவ்வாறு மணமானவள் வீட்டு நிர்வாகத்தையும் தறியையும் அடிமைகளையும் மேற்பார்த்தாள். ஆனால் சட்டப்படி அவள் தன் பொறுப்பில் செய்யக்கூடிய ஒப்பந்தம் ஒரு மெதிம்னோஸ், அதாவது ஏறத்தாழ 52 லிட்டர், வாற்கோதுமையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. இந்தப் பயணத்தில் நான் பார்த்த ஓபோல் கணக்குகளில் குடிமக்களின் மனைவிகள் இல்லாமல் போனதற்குக் காரணம் அது. அவர்களைக் காட்டும் கணக்கு வேறொன்று. ப்ராவ்ரோன் ஆர்ட்டெமிஸுக்குப் பெண்கள் செலுத்திய துணிகளின் பட்டியல்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டப்பட்டன. அவற்றின் படிகள் அக்ரோபோலிஸிலும் நிறுத்தப்பட்டிருந்தன. தவளைப் பச்சை நிற ஆடை, குழந்தைக்கான சட்டை, பாதி நெய்த துணி, சிலையின்மேல் போர்த்தியது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. பொன் நகை என்றால் எடை இருக்கும், துணிக்கு விலை எழுதுவதில்லை. நைந்து போனதையும் ‘கந்தல்’ என்று குறித்துப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருந்தார்கள். பிரசவத்தில் இறந்த பெண்களின் ஆடைகள் இங்கே செலுத்தப்பட்டதாக நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் சொல்வதைக் கொண்டு, பாதி நெய்த துணிகள் அவர்கள் தறியில் விட்டுச் சென்றவை என்று சிலர் கருதுகிறார்கள். துணி செலுத்திய பெண்களை இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் அந்தக் கல்லும் குறிக்கிறது; ஆனால் அதற்கு முன்னால் அவர்களுடைய சொந்தப் பெயரையும் எழுதியிருக்கிறது.